சாம்பார் வேன் போட்ட கோடு

போன மாதம் மில்பிடாஸ் ஹோட்டலை மூடியபோது நம் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் அந்தப் படத்தைப் போட்டிருந்தார். கல்லாவுக்கு மேலே, சாமி படங்களுக்குப் பக்கத்தில் இத்தனை வருடம் தொங்கிய அதே படம். சிவப்பு நிறப் பழைய பந்தயக் கார், அதன் மேல் கை வைத்தபடி ஹோட்டல் முதலாளி. ஞாயிற்றுக்கிழமைகளில் மேஜை கிடைக்கும்வரை அதன் கீழேதான் நாம் எல்லோரும் காலை மாற்றி மாற்றி நின்றிருக்கிறோம். "அந்த ரேஸ்காரங்களுக்கு ரூட் சொல்லிக் கொடுத்ததே நம்ம அங்கிள்தானாம்" என்று ஒருவர் கீழே எழுதினார். வரிசையாக இதயங்கள் விழுந்தன.

நான் இதயம் போடவில்லை. இதை எழுதுகிறேன்.

உங்களில் பலருக்கு என்னைத் தெரியும். ஃப்ரீமான்ட் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்து, நீங்கள் ஆங்கிலத்தில் முனகிக்கொண்டிருந்தபோது உரைநடைப் பகுதியைக் கடகடவென்று வாசித்த பெண் நான்தான். உங்கள் அப்பாக்கள் கம்ப்யூட்டர் ஆபீஸுக்குப் போனார்கள். என் அப்பா உங்கள் பிறந்தநாளுக்கும் கொலுவுக்கும் அரங்கேற்றத்துக்கும் சாம்பார் கொண்டுவந்தவர். நெளிந்த பம்பர் வைத்த வெள்ளை வேன் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஓட்டியவரின் முகம் இருக்காது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதைச் சொல்ல எனக்கு ஒருநாளும் குரல் தாழ்ந்ததில்லை. அப்பா உசிலம்பட்டிப் பக்கம். எட்டு வயதில் கல்யாணச் சமையல்காரர்களோடு கிளம்பிப் போனவர், பிறகு பம்பாய் ஹோட்டல்களில் வளர்ந்தார். முதலாளி அவரைச் சமையல் வேலைக்காக அமெரிக்கா அழைத்து வந்தார். நானும் அம்மாவும் இரண்டு வருடம் கழித்து வந்தோம். அப்பாவுக்கு எந்த மொழியும் வாசிக்கத் தெரியாது. பம்பாயில் பழகிய இந்தியில், கேள்வியைக் காதால் கேட்டு விடை சொல்லும் பரீட்சையில் தேறி லைசென்ஸ் வாங்கியவர். சாலைப் பலகைகளை நிறத்தாலும் வடிவத்தாலும் தெரிந்துகொண்டார். தெருக்களின் பெயர்கள் அவருக்குத் தேவைப்படவில்லை. "பல் டாக்டர் முக்குல லெஃப்ட்டு, மூணு காலு நாய் வீடு தாண்டி ரைட்டு" என்பார். மூன்று கால் நாய் செத்து நெடுநாளான பிறகும் அந்த வீடு அந்தப் பெயரோடுதான் இருந்தது.

அவர் கற்ற பாடம் வேறு. அண்டா நிறையச் சாம்பாரை ஏற்றிக்கொண்டு ஒரு சொட்டுச் சிந்தாமல் போய்ச் சேர்வது. அண்டாவுக்கு அடியில் பழைய வேட்டியைச் சும்மாடாகச் சுருட்டி வைப்பார். மூடி மேல் ஈரத்துணியை இறுக்கிக் கட்டுவார். மூடுவதற்கு முன் வாழையிலையை வட்டமாக வெட்டிச் சாம்பார் மேல் மிதக்க விடுவார். தண்ணீர்க் குடத்தில் இலை போட்டுத் தூக்கிவருவார்களே, அந்தக் கணக்கு. இலை கிடந்தால் அலை எழும்பாது. அதற்குப் பிறகு ரேடியோ போட மாட்டார், பேச மாட்டார். பின்னால் சாம்பார் எழுப்பும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே ஓட்டுவார். சின்னதாக 'களுக்' என்றால் சரி. 'சளப்' என்றால் முகம் சுருங்கும். அடுத்த முறை அதே இடத்தில் நாலு அடி தள்ளிப் போவார். மில்பிடாஸ் முதல் சான் ஹோசே வரை இருந்த பள்ளமும் மேடும் சாக்கடை மூடியும் இப்படித்தான் அவருக்கு மனப்பாடம் ஆயின.

திங்கட்கிழமை ஹோட்டலுக்கு விடுமுறை. அன்று மட்டும் வேன் எங்களுக்கு. அப்பா என்னை லைப்ரரிக்கு அழைத்துப் போவார். நான் உள்ளே புத்தகம் பொறுக்கும்வரை ஸ்டியரிங் மேல் கை போட்டபடி வெளியே காத்திருப்பார். அந்த வேனில் எப்போதும் பெருங்காயமும் ஈரத்துணியும் கலந்த வாசம் வரும். என் லைப்ரரிப் புத்தகங்களிலும் அது ஏறிவிடும். ஒரு லைப்ரரி அம்மாள் பக்கத்தை முகர்ந்து பார்த்து மூக்கைச் சுளித்ததுண்டு. நான் அவர் கண்ணையே பார்த்தபடி நின்றேன்.

நான் நான்காம் வகுப்பு முடித்த வருடம், கோடை விடுமுறைக்குச் சற்று முன்பு, வேனில் சாம்பார் கொட்டியது. ஒரு வளைகாப்புக்குப் போகிற வழியில், மேட்டு வளைவில், மூடி கழன்று பாதி அண்டா பின்பக்கம் ஓடியது. நானும் வேனில் இருந்தேன். அன்று அப்பாவுக்கு அடுப்படியில் வேலை முடியாததால் அண்டாவைக் கட்டி ஏற்றியது முதலாளியின் மருமகன், அதாவது அக்கா மகன். எம்.எஸ். படிக்க வந்து, மாமா கடையில் கூடமாட நின்றவர். இலையும் போடவில்லை, துணியும் கட்டவில்லை. எனக்கு அது தெரியும், அப்பாவுக்கும் தெரியும். முதலாளி கத்தியபோது அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

"போர்டு படிக்கத் தெரியாதவன்கிட்ட வண்டியக் குடுத்தேன் பாரு, என்னையச் சொல்லணும்."

மருமகன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். முடிவும் அங்கேயே அறிவிக்கப்பட்டது. கோடையில் வரும் பெரிய ஆர்டர் முடிந்ததும் சாவி மருமகனுக்கு. அவரிடம் வழி சொல்லும் ஜி.பி.எஸ். கருவி இருந்தது. அப்பா மாவாட்டப் போக வேண்டும். எனக்குத் திங்கட்கிழமை இல்லை.

அந்தப் பெரிய ஆர்டர்தான் கார்ப் பந்தயம். ஐம்பதுகளில் ஐரோப்பிய நகரத் தெருக்களில் ஓடிய கிராண்ட் ப்ரீ கார்களை வைத்திருந்தவர்கள், அவற்றை அதே மாதிரி தெருவில் ஓட்டிப் பார்க்க ஆசைப்பட்டு சான் ஹோசே நடுவே மூன்று நாள் பந்தயம் வைத்தார்கள். நாம் அடிக்கடி போய்வந்த தெருக்களில் சிமென்ட் தடுப்பும் டயர் அடுக்கும் கம்பி வலையும் முளைத்தன. விருந்தினர் கூடாரத்துக்கு மூன்று நாள் மதியச் சாப்பாடு நம் ஹோட்டல். முதலாளி புதுச்சட்டை எடுத்தார்.

வெள்ளிக்கிழமை முதல் நாள். காலைப் பயிற்சி முடிந்து, சாமான் வண்டிகளுக்காக ஒரு மணி நேரம் தெருவைத் திறந்துவிட்டார்கள். வேனில் முன்னால் அப்பாவும் முதலாளியும். பின்னால் அண்டாக்களுக்கு நடுவே மருமகனும் நானும். டிராம் போன்ற லைட் ரயிலின் தண்டவாளம் தெருவைக் குறுக்கே வெட்டும் இடத்தில், மஞ்சள் சட்டை போட்ட பந்தய ஊழியர் கை காட்டி நிறுத்தினார். எதிரே ஒரு சிவப்புக் கார் நின்றுபோயிருந்தது. சுருட்டு மாதிரி நீளமான உடம்பு, சைக்கிளுக்குக் கொஞ்சம் அண்ணன் மாதிரி மெல்லிய டயர்கள்.

அப்பா மூக்கை உறிஞ்சினார். "பாப்பா, வெளக்கெண்ண வாசம் வருதுல்ல?"

"யோவ், காருக்கு எதுக்குய்யா வெளக்கெண்ண? அதுக்கென்ன வயித்துக்கடுப்பா?" என்றார் முதலாளி. மருமகன் சிரித்தார்.

எனக்கும் அந்த வாசம் வந்தது. மாதத்துக்கு ஒருமுறை அம்மா என் மூக்கைப் பிடித்து ஊற்றும் அதே எண்ணெய், கருகினால் எப்படி இருக்குமோ அப்படி. அப்பா வேனை அணைத்துவிட்டு இறங்கிப் போனார், நானும் பின்னால் ஓடினேன். காரின் புகைக்குழாய்ப் பக்கம் குனிந்து முகர்ந்தார். ஊர்க்காரரைப் பார்த்ததுபோல முகம் மலர்ந்தது. "வெளக்கெண்ணயேதான்!"

காரை ஓட்டியவர் அறுபதைத் தாண்டிய ஒரு பெண். வெள்ளைப் பந்தய உடையின் கைகளை இடுப்பில் கட்டி, நரைத்த முடியைக் குட்டிச் சடையாகப் பின்னியிருந்தார். கையில், தெருவில் வழி குறித்துப் பார்க்கச் சாக்பீஸ். இவர் என்ன சொல்கிறார் என்று என்னிடம் கேட்டார். அம்மாவுக்குப் பாட்டில் லேபிளெல்லாம் படித்துக் காட்டுபவள் நான். "காஸ்டர் ஆயில்" என்றேன்.

அவர் அப்பாவை மறுபடி, இந்த முறை முழுசாகப் பார்த்தார். அந்தக் காலத்து எஞ்சினுக்கு அந்த எண்ணெய்தான் ஒத்துவரும், இன்றைக்கு அதைக் கண்டுபிடித்த முதல் மூக்கு இவருடையது என்றார். பிறகு தண்டவாளத்தைக் காட்டி, இந்த எண்ணெயை எல்லாம் இது கொட்டிவிடும் போலிருக்கிறது, ஒவ்வொரு சுற்றிலும் காரைத் தூக்கி அடிக்கிறது என்றார். முழங்கையில் புதுச் சிராய்ப்பு இருந்தது.

நான் சொல்லி முடிப்பதற்குள் அப்பா தண்டவாளத்தருகே குத்தவைத்துவிட்டார்.

"நடுவுல போனா தூக்கத்தான் செய்யும், பாப்பா. அங்க மேடு. இந்தா, இந்தச் சாக்கட மூடிக்குப் பக்கத்துல வரணும், சாய்ச்சு. நாலு சக்கரமும் ஒண்ணா ஏறுனா தூக்கிப் போடும். ஒவ்வொண்ணா ஏத்தணும், தூங்குற புள்ளைய மடி மாத்துற மாதிரி. பிரேக்க முன்னாடியே புடிச்சு விட்டுரணும். தண்டவாளத்து மேல கால் வைக்கவே கூடாதுன்னு சொல்லு."

"ஏம்மா, நில்லு" என்று முதலாளி அவசரமாக இறங்கி வந்தார். "அதெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்காத. அந்தக் காரு வெல தெரியுமா? ஏதாவது ஆச்சுன்னா இவனா வந்து நிப்பான்? நம்ம தலையில விழும்."

"ஆமா, லயபிலிட்டி ஆயிரும், கேஸ் போடுவாங்க" என்றார் மருமகன்.

"யோவ், சாம்பார் ஊத்துற வேலையப் பாருய்யா. ரேஸு ஓட்டுறவங்களுக்கு நீ பாடம் எடுக்குறியா?" என்றார் முதலாளி அப்பாவிடம்.

அப்பா எழுந்தார். தலையைக் குனியப் போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வளைகாப்பு அன்று பார்த்த அதே குனிவு. பத்து வயதில் எனக்குத் தெரிந்த வீரம் ஒன்றுதான், சத்தமாகப் பேசுவது. பேச்சுப் போட்டியில் நிற்பதுபோல நின்று, சாக்கடை மூடி, சாய்வு, ஒவ்வொரு சக்கரம், பிரேக், தூங்கும் குழந்தை எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொன்னேன். முதலாளியின் கண் என்மேல் இருந்தது. நான் ஒரு சொல்லைக்கூட விழுங்கவில்லை.

இவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார் அந்த அம்மாள்.

"சாம்பார்" என்றேன்.

அதற்கு விளக்கம் வேண்டியிருந்தது. வேனுக்கு அழைத்துப் போய்க் காட்டினேன். அப்பா துணியை அவிழ்த்து மூடியை எடுத்ததும் ஆவிக்கு நடுவே அந்த வட்ட இலை. அந்த அம்மாள் ஒரு நொடி பார்த்தார். பிறகு சடாரென்று வேனுக்குள் ஏறி அண்டா பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். மூடி வேண்டாம், இப்படியே ஓட்டிக் காட்டச் சொல் என்றார்.

முதலாளியின் முகம் போன போக்கை இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும். மறுத்தால் வாடிக்கையாளர் முன்னால் அவமானம், சம்மதித்தால் சாம்பார். அப்பா பக்கம் திரும்பித் தமிழில், சிரித்த முகத்தை மாற்றாமல் சொன்னார்.

"ஒரு சொட்டு சிந்தட்டும். சாவிய இங்கயே இவன் கையில குடுத்துட்டு நடந்து போயிரு."

"சரிங்க முதலாளி" என்றார் அப்பா.

அண்டாவுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அந்த அம்மாள். அப்பா வேனைப் பின்னுக்கு எடுத்து, அவர் கேட்ட வேகத்தில் விட்டார். தெருவில் வேறு வண்டி இல்லாததால் நான் அதுவரை அறியாத வேகம். தண்டவாளத்துக்கு முன்னால் பிரேக் அழுந்தியது, விட்டது. வண்டி சாய்ந்தது. டக். டக். சின்ன இடைவெளி. டக். டக். சாம்பார் விளிம்புக்குச் சற்றுக் கீழேவரை ஏறி வந்து எட்டிப் பார்த்தது. இலை லேசாகப் புரண்டது. பிறகு இரண்டும் தங்கள் இடத்துக்குத் திரும்பின.

நான் விளிம்பைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்தேன். காய்ந்திருந்தது. விரலை முதலாளிக்கு நேரே நீட்டிக் காட்டினேன். அது மரியாதை இல்லை என்று எனக்கு அப்போதும் தெரியும்.

அப்பா ஒரு காகிதக் கப்பில் சாம்பார் ஊற்றிக் கொடுத்தார். அந்த அம்மாள் குடித்துவிட்டுப் புரை ஏறி இருமி, மறுபடி குடித்தார். சாக்பீஸை அப்பாவிடம் நீட்டினார். அப்பா குத்தவைத்து, சாக்கடை மூடியிலிருந்து தண்டவாளத்தின் குறுக்கே தாருச்சாலையில் ஒரு கோடு இழுத்தார். அதுவரை என் அப்பா எதையும் எழுதி நான் பார்த்ததில்லை.

அந்த நேரத்தில்தான் முதலாளி சிவப்புக் காரின் மேல் கை வைத்து நின்றார். மருமகன் படம் எடுத்தார்.

கூடாரத்துக்குப் போகிற வழியில் மருமகன் பின்னாலிருந்து சொன்னார். "மாமா, அன்னைக்கு வளைகாப்புக்கு அண்டா கட்டினது நான்தான். இந்த அண்ணன் இல்ல."

முதலாளி ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "அதெல்லாம் இப்ப எதுக்கு? ஞாயித்துக்கிழமை வரைக்கும் அவரே ஓட்டட்டும். அப்புறம் நீ பாத்துக்க."

உண்மை வெளியே வந்தால் தீர்ப்பு மாறும் என்று நம்பியிருந்தேன். மாறவில்லை. இப்போது யோசித்தால் முதலாளிக்கு அப்பாவைப் பிடிக்காமல் இல்லை என்று தோன்றுகிறது. தன் கடைப் பெயர் எழுதிய வண்டியை அந்தப் பெயரைப் படிக்கத் தெரியாதவர் ஓட்டுகிறாரே என்ற கூச்சம்தான் அவருக்கு. புரிகிறது. புரிவதால் மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாள் கொடுத்திருந்த நுழைவுக் கைப்பட்டைகளைக் கட்டிக்கொண்டு நாங்கள் மூவரும் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் கம்பி வலையோடு ஒட்டி நின்றோம். அம்மா காதில் பஞ்சு வைத்திருந்தாள். முதல் சுற்றில் கார்கள் கடந்தபோது என்னைத் தொட்டு, "இதுக்காடி தெருவ அடைச்சாங்க? நம்மூரு மினி பஸ்ஸே இதவிட வெரசாப் போகும்" என்றாள். நெடுநேரம் அதே சத்தம், அதே கருகிய விளக்கெண்ணெய்ப் புகை. பச்சைக் கார் ஒன்று நடு மேட்டில் ஏறி, நாலு சக்கரமும் தரையை விட்டு, தீப்பொறி பறக்க விழுந்தது. நீலக் கார் டயர் அடுக்கில் மோதி நின்றது. சிவப்புக் கார் மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் சாக்கடை மூடியை ஒட்டி வந்து சாய்ந்து ஏறியது. டக் டக், டக் டக். அந்த ஆரவாரத்தில் எனக்கு அது கேட்டிருக்க முடியாது. ஆனாலும் கேட்டது. அப்பாவின் விரல்கள் கம்பி வலையில் அதே தாளத்தைத் தட்டிக்கொண்டிருந்தன.

அந்த அம்மாள் ஒருமுறைகூட எங்கள் பக்கம் திரும்பவில்லை. ஓட்டுகிறவர் திரும்பக் கூடாது. மூன்றாவதாக வந்தார். முதலாவதாக வந்தார் என்று எழுதினால் கதைக்கு நன்றாக இருக்கும். ஆனால் இது கதை இல்லை.

பிறகு ஒலிபெருக்கியில் அவர் குரல். ரயில் பாதையை எப்படிக் கடந்தீர்கள் என்று யாரோ கேட்டார்கள். மதியச் சாப்பாடு கொண்டுவரும் மனிதர் காட்டிக்கொடுத்தார் என்றார். நான் அப்பாவிடம் சொன்னேன். அவர் "அப்படியா சொன்னாங்க?" என்று இரண்டு தடவை கேட்டார். அதே நேரத்தில் கூடாரத்தில் எல்லோரும் முதலாளியைத் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள். அவர் எழுந்து கையசைத்திருக்கிறார். மருமகன் அன்றே என்னிடம் சொன்ன செய்தி அது. உங்கள் கதை பிறந்தது அங்கேதான்.

மாலையில் ஹோட்டலின் பின்வாசலில் காலி அண்டாக்களை இறக்கி முடித்ததும் முதலாளி கையை நீட்டினார். "சாவி."

அப்பா சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார். ஆனால் அவர் அதை முதலாளி கையில் வைக்கவில்லை. தன் உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டார். தலை குனியவில்லை.

"தர்றேன் முதலாளி. தம்பி ஒரே ஒருக்கா அந்தத் தண்டவாளத்த ஓட்டிக் காட்டட்டும். அண்டா நெறைய சாம்பாரு, மூடி இல்லாம. நான் பின்னாடி உக்காந்துக்கிறேன். எனக்கு வச்ச பரீட்சைதான. ஒரு சொட்டு சிந்தலைன்னா தம்பிக்கே சாவி."

முதலாளி மருமகனைப் பார்த்தார். மருமகன் அண்டாவைப் பார்த்தார்.

"எனக்கு வேணாம் மாமா" என்றார். "எனக்கு ஃபைனல்ஸ் வேற வருது."

அது ஆகஸ்ட் மாதம். அவர் காலேஜ் விடுமுறையில் இருந்தது, பரீட்சை ஏதும் கிடையாது. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்த அண்ணனை அன்றைக்குத்தான் மன்னித்தேன்.

முதலாளியின் கை கொஞ்ச நேரம் நீட்டியபடியே இருந்தது. பிறகு அதே கையால் தலையைக் கோதிக்கொண்டு உள்ளே போனார். மறுநாள் திங்கட்கிழமை. அப்பா என்னை லைப்ரரியில் இறக்கிவிட்டு, ஸ்டியரிங் மேல் கை போட்டுக் காத்திருந்தார். அந்த வேனை இன்னும் எட்டு வருடம் ஓட்டினார். பிறகு சொந்தமாக ஒன்று வாங்கினார். அதன் கதவில் எழுதிய பெயரை எழுத்துக்கூட்டிப் படிப்பார், ஏனென்றால் அது என் பெயர்.

படத்தை அடுத்த மாதமே முதலாளி கல்லாவுக்கு மேல் மாட்டினார். அதைப் பற்றி அப்பா ஒன்றும் சொன்னதில்லை. அதனால் நான் சொல்கிறேன். குழுவில் போட்ட அந்தப் படத்தைத் திறங்கள். முதலாளியை விட்டுவிடுங்கள், காரையும் விட்டுவிடுங்கள். இடது கீழ் மூலையைப் பெரிதாக்குங்கள். தாருச்சாலையில் சாய்வாக ஒரு வெள்ளைக் கோடு தெரியும். கோட்டின் முனையில், சட்டத்துக்குள் பாதி மட்டும் விழுந்த இரண்டு விரல்கள்.

அந்த விரல்களுக்குப் போடுங்கள் இதயத்தை.